சூரை கடித்த மத்தியானம்

என்னோடு அந்தப் போடிங்கில், பள்ளிக்கூட விடுதியில், இருந்தவர்கள் சிலரை இப்போதும் கலியாண வீடுகளில் காண்கிறேன். சாப்பாடு முடிந்து ஓய்ந்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருத்தி, அந்தக் காலம் போல வருமா என்று தொடங்கிவிடுவாள். நான் வெற்றிலைத் தட்டத்தைத் தள்ளிவிட்டு எழும்பிப் போய்விடுவேன். எட்டு வயதிலிருந்து பதினொரு வயதுவரை நான் அங்கே இருந்தேன். அந்தக் காலம் திரும்பி வர வேண்டும் என்று ஒருநாளும் நினைத்ததில்லை.

பள்ளிக்கூடத்தின் பெயர் வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து பருத்தித்துறைக்குப் போகும் வீதியில், புகையிலைத் தோட்டங்களுக்கும் வெங்காயத் தோட்டங்களுக்கும் நடுவில் இருந்த ஒரு பெண்கள் கல்லூரி. அதன் பின்புறத்தில் சின்னப் பிள்ளைகளுக்கென்று தனிப்பிரிவும், அந்தப் பிரிவுக்கு ஒரு போடிங்கும் இருந்தன. ஆசிரியர்மாரின் பிள்ளைகள், கடை முதலாளிமாரின் பிள்ளைகள், கொழும்பில் உத்தியோகம் பார்த்தவர்களின் பிள்ளைகள் என்று முப்பத்தைந்து, நாற்பது பேர். கடற்கரையிலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான்.

அப்பாவுக்கு இரண்டு வள்ளம் இருந்தது. வீட்டில் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. என்னை அனுப்பியது அம்மாவின் முடிவு. அவருக்கு எழுத வாசிக்கத் தெரியாது. ஒருமுறை ஏதோ கடதாசியோடு அரசாங்கக் கச்சேரிக்குப் போனபோது, அங்கே இருந்த கிளாக்கர் அதை வாசித்துச் சொல்லாமல் பின்னேரம்வரை அவரை வாசலில் நிற்க வைத்திருக்கிறான். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல், இவளைப் போடிங்கில் விடப்போகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்பா மறுத்துக் கதைக்கவில்லை. அம்மாவோடு யாரும் மறுத்துக் கதைப்பதில்லை. எங்கள் கரைக்கு மீன் வாங்க வரும் வியாபாரிகள் அப்பாவோடு பேரம் பேசுவார்கள். அம்மா மணலில் இறங்கி வருவதைக் கண்டால் குரலைத் தாழ்த்துவார்கள். அவருடைய வாய்க்கு அப்படி ஒரு பெயர்.

போடிங்கைப் பார்த்துக்கொண்டது ஒரு மேற்றன். அம்மாவுக்குப் போடும் மரியாதை விகுதியை அவளுக்குப் போட எனக்கு இன்றும் மனம் வரவில்லை. அவள் நன்றாக இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை உடுத்தி, சாவிக்கொத்தை இடுப்பில் செருகியிருப்பாள். நான் போன அன்றைக்கு, அம்மா பஸ் ஏறியதும், என்னுடைய றங்குப்பெட்டியைத் திறக்கச் சொன்னாள். மேலே இருந்த சட்டையை இரண்டு விரலால் தூக்கி மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனாள். பிறகு, பெட்டியில் இருந்த எல்லாவற்றையும் கிணற்றடிக்குக் கொண்டுபோய்த் தோய்க்கச் சொன்னாள். எல்லாம் புதுச்சட்டைகள். அம்மா தையற்காரியிடம் கொடுத்துத் தைப்பித்தவை. ஒருநாள்கூடப் போடாத சட்டைகளை நான் வெயிலில் நின்று தோய்த்தேன். மற்றப் பிள்ளைகள் சுவரோடு வரிசையாக நின்று பார்த்தார்கள். அன்று பின்னேரமே எனக்கு 'மீன்பெட்டி' என்று பெயர் வைத்தாயிற்று.

காலையில் ஐந்து மணிக்கு மணி அடிக்கும். ஆளுக்கு ஐந்து வாளித் தண்ணீரில் குளிப்பு. மேற்றன் கதிரை போட்டு உட்கார்ந்து வாளிகளை எண்ணுவாள். சாப்பிடும்போது கதைக்கக்கூடாது. சாப்பாட்டுக் கோப்பையில் எதையும் மிச்சம் விடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கடிதம். எழுத வேண்டியதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பார்கள். நான் சுகமாக இருக்கிறேன், நன்றாகப் படிக்கிறேன், உங்கள் சுகத்துக்குக் கடவுளை வேண்டுகிறேன். அதைப் பார்த்து எழுதி, உறையை ஒட்டாமல் மேற்றனிடம் கொடுக்க வேண்டும்.

என்னுடைய பாய்க்குப் பக்கத்துப் பாய் மொனிற்றருடையது. புத்தூரில் ஒரு தலைமை ஆசிரியரின் மகள். என்னைவிட இரண்டு வயது மூப்பு. யார் கதைத்தது, யார் மிச்சம் விட்டது என்று மேற்றனிடம் சொல்வது அவளுடைய வேலை. தன் பாய்க்கும் என் பாய்க்கும் நடுவில் தன் றங்குப்பெட்டியை இழுத்து வைத்திருந்தாள். இதைத் தாண்டி உன்ரை கை வந்தால் மேற்றனிட்டைச் சொல்லுவன் என்று முதல்நாளே சொல்லிவிட்டாள்.

இரண்டாம் தவணையில் ஒரு புதன்கிழமை மத்தியானம் சூரை மீன் குழம்பு வந்தது. கடற்கரைப் பிள்ளைக்குச் சூரையைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பிடித்த அன்றே சமைத்தால் அதைப்போல ருசி இல்லை. வெயிலில் கிடந்துவிட்டால் அது நாக்கில் கடிக்கும், மிளகாய் உறைப்பைப் போல இல்லாமல் ஊசியால் குத்துவதைப் போல. எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அந்தக் கடி போகாது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு துண்டு அகப்பட்டால் அம்மா முழுச் சட்டியையும் கவிழ்த்துவிடுவார். அன்றைக்கு முதல் வாயிலேயே எனக்குக் கடித்தது. சைக்கிளில் பெட்டி கட்டி வரும் மீன்காரர் அன்று பத்து மணிக்குப் பிறகுதான் வந்தார் என்பதும் எனக்குத் தெரியும்.

வாயிலிருந்ததை வெளியே எடுத்துக் கோப்பை ஓரத்தில் வைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களிடம், இந்த மீன் பழுது, தின்னாதேங்கோ என்று மெதுவாகச் சொன்னேன். அது அந்த வாங்கில் இருந்தவர்கள் எல்லோருக்கும் போய்விட்டது. ஐந்தாறு பேர் மீனை ஒதுக்கினார்கள். மொனிற்றர் எழும்பி நின்றாள். மேற்றன் வந்தாள்.

"என்ன கதை அங்கை?"

"மீன் பழுது, மேற்றன்."

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"கடிக்குது. பழுதான சூரைதான் கடிக்கும்."

சமையற்காரி குசினி வாசலுக்கு வந்து நின்றாள். மேற்றன் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அவள் சிரித்து நான் கண்டது அதுதான் முதல்தடவை.

"மீனைப்பற்றிக் கதைக்கிறதெண்டால் உம்மடை கரையிலை போய் இருந்து கதையும். இஞ்சை தாறதைச் சாப்பிடும்."

அதோடு விடவில்லை. மற்றவர்கள் ஒதுக்கி வைத்த துண்டுகளையும் ஒவ்வொன்றாக எடுத்து என் கோப்பையில் போட்டாள். நான் அவற்றைச் சாப்பிட்டு முடிக்கும்வரை யாரும் எழும்பக்கூடாது என்றாள். நான் அழவில்லை. அவளுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டே தின்றேன். ஒதுக்கியவர்களுக்கும் பயம் பிடித்து, மிச்சமிருந்த சின்னத் துண்டுகளையும் குழம்பையும் சோற்றோடு விழுங்கினார்கள்.

சின்னப்பிரிவின் வகுப்புகள் எல்லாம் ஒரே மண்டபத்தில்தான். வகுப்பு தொடங்கி அரை மணித்தியாலம் இருக்காது. மொனிற்றருடைய காது சிவந்தது. பிறகு கழுத்து. வேறு ஒரு பிள்ளை எழுதிக்கொண்டிருந்த கொப்பியின்மேலேயே மத்தியானச் சோற்றைச் சத்தி எடுத்தாள். ஒன்றன்பின் ஒன்றாகப் பத்துப் பன்னிரண்டு பேர், உடம்பு தடித்து, சொறிந்துகொண்டு, தலை இடிக்கிறது என்று அழுதார்கள். எனக்குக் கண் இரண்டும் மூடிப்போயின. நெஞ்சு தாளம் தப்பி அடித்தது. யாரோ என்னைத் தூக்கிக்கொண்டு நோயாளர் அறைக்குப் போனது மட்டும் ஞாபகம்.

அரசாங்க மருந்துச்சாலையிலிருந்து அப்போதிக்கரி வந்தார். பிள்ளைகள் என்ன சாப்பிட்டார்கள் என்று கேட்டார். வழமையாகச் சாப்பிடுகிறதுதான் என்று மேற்றன் சொல்வது எனக்குக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். நாக்கு வீங்கியிருந்தது, சத்தம் வரவில்லை. அவர் வெள்ளைத் தண்ணி மருந்து கொடுத்துவிட்டுப் போனார்.

பின்னேரம் தலைமை ஆசிரியை வந்தார். நல்ல மனுஷி என்று எல்லோரும் சொல்வார்கள். நோயாளர் அறையில் பாயில் இருந்த மொனிற்றரிடம்தான் கேட்டார்.

"மத்தியானச் சாப்பாட்டிலை ஏதும் பிழை இருந்ததோ பிள்ளை?"

மொனிற்றருடைய முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கியிருந்தது. கையைச் சொறிந்துகொண்டே சொன்னாள்:

"இல்லை மிஸ். எல்லாம் நல்லாயிருந்தது."

நான் இரண்டு பாய் தள்ளிக் கிடந்தேன். தலைமை ஆசிரியை என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

இரண்டு நாளில் எல்லோருக்கும் தடிப்பு வற்றிவிட்டது. ஆனால் பிள்ளைகளின் வீடுகளிலிருந்து யாராவது கேட்டால் சொல்வதற்கு ஒரு காரணம் வேண்டும். மேற்றன் காரணத்தைக் கண்டுபிடித்தாள். சனிக்கிழமை எல்லோருடைய தலையையும் பார்த்தாள். போடிங்கில் பேன் இல்லாத தலை ஒன்றுமில்லை; மொனிற்றர் பின்னேரங்களில் ஈர்கொல்லியால் ஈர் இழுப்பதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் என்னுடைய தலைக்கு வந்ததும் மேற்றன் நிறுத்தினாள். இதுதான் இடம், இந்த அழுக்கிலிருந்துதான் சொறி பரவியது என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள். தையல் வகுப்புக் கத்தரிக்கோலைக் கொண்டுவரச் சொல்லி, கிணற்றடிக் கல்லில் என்னை இருத்தி, இடுப்புவரை இருந்த தலைமயிரை வெட்டினாள். கத்தரிக்கோல் மொட்டை. வெட்டுவதும் இழுப்பதுமாக நெடுநேரம் போனது. காதுக்கு மேலே ஒரு பக்கம் தோல் தெரிந்தது. அன்றிலிருந்து என்னுடைய பாயை விறாந்தையின் கடைசிக்கு மாற்றினார்கள். நான் தண்ணீர் குடிக்கும் தகரப் பேணியின் பிடியில் சிவப்பு நூல் கட்டினார்கள், மற்றவர்கள் தவறி எடுத்துவிடாமல் இருக்க.

நான் அழாமல் இருந்ததற்குக் காரணம் ஒன்றுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பார்வைநாள். அம்மா வருவார். அம்மாவுக்குச் சூரையைத் தெரியும். இரவு பகலாக அந்தக் காட்சியை மனதில் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கரையில் வியாபாரிகளைத் துரத்தும் அந்த வாய், மேற்றனின் அறைக்குள் திறக்கப்போகிறது. சாவிக்கொத்து கீழே விழும். மொனிற்றர் ஓடி ஒளிவாள். நான் றங்குப்பெட்டியைக்கூட அடுக்கத் தொடங்கிவிட்டேன்.

அம்மா பதினொரு மணி பஸ்ஸில் வந்தார். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி நிறையப் பயற்றம் பணியாரம். என்னைக் கண்டதும் பெட்டியைக் கீழே வைத்தார். என் தலையில் கையை வைத்து, தோல் தெரிந்த இடத்தை விரலால் தடவினார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். மீன்காரர் வந்த நேரம், முதல் வாயில் கடித்தது, கோப்பையில் போட்ட துண்டுகள், ஒன்றும் விடவில்லை. அம்மா ஒரு கேள்வி மட்டும் கேட்டார். நாக்கின் நுனியில் கடித்ததோ, முழு நாக்கும் கடித்ததோ என்று. முழு நாக்கும் என்றேன். நிமிர்ந்து மேற்றனின் அறையைப் பார்த்து நடந்தார்.

நான் யன்னலுக்குக் கீழே போய்க் குந்தினேன். முதலில் மேற்றனின் குரல்தான் கேட்டது, நெடுநேரம். பிறகு அம்மாவின் குரல். அது அம்மாவின் குரல்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருந்தது. மெலிந்து, பணிந்து, ஒவ்வொரு சொல்லையும் தேடி எடுத்து வைப்பதைப் போல இருந்தது. ஓம் அம்மா, நீங்கள் சொல்லுறது சரிதான் அம்மா, கடற்கரைப் பிள்ளை, வாய்க்காரி, நீங்கள்தான் பார்த்துத் திருத்த வேணும் அம்மா.

வெளியே வந்த அம்மாவின் முகத்தை நான் பார்க்கவில்லை. கையைப் பிடிக்க வந்தார், இழுத்துக்கொண்டேன்.

"சூரை கடிச்சது, அம்மா. உங்களுக்குத் தெரியும்தானே."

"தெரியும்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

அம்மா சுற்றும் பார்த்தார். குனிந்து, என் காதுக்குக் கிட்டச் சொன்னார்.

"சொன்னால் இப்பவே கூட்டிக்கொண்டு போ எண்டுவா. கூட்டிக்கொண்டு போய் என்ன செய்யிறது? என்னோடை இருந்து கருவாடு காயவைக்கப் போறியோ? தலைமயிர் வளரும் பிள்ளை. நீ படி."

பணியாரப் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டு இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விட்டார். நான் கேற்வரை போகவில்லை.

அதற்குப் பிறகு மேற்றனை வெறுப்பது எனக்குச் சாதாரணமாகிவிட்டது, சாப்பிடுவதைப் போல, குளிப்பதைப் போல. ஆறாமல் கிடந்தது அம்மாமீதான கோபம்தான். கரும்பலகையில் இருந்ததைத் தவிர ஒரு சொல்கூட நான் அவருக்கு எழுதவில்லை. முன்பெல்லாம் மேற்றனுக்குத் தெரியாமல் உறையின் உட்பக்கத்தில் ஒரு மீனோ வள்ளமோ கீறி அனுப்புவேன். அம்மா வாசிக்கத் தெரியாதவர், அதைத்தான் பார்ப்பார். அதையும் நிறுத்தினேன். விடுமுறைக்குப் போனபோது, என் தலையைக் கண்டு அப்பா என்ன நடந்தது என்று கேட்டார். பேன் என்று அம்மா சொன்னார். நான் திருத்தவில்லை. அம்மா பரிமாறினால் சாப்பிட்டேன், கேட்டால் பதில் சொன்னேன். அதற்குமேல் ஒன்றுமில்லை.

மொனிற்றரை நான் சும்மா விடவில்லை. பரிசளிப்பு விழாவுக்காக அவளுடைய தாய் ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்திருந்தார், கழுத்தைச் சுற்றிச் சின்னச்சின்னப் பூ வேலையோடு. விழாவுக்கு இரண்டு நாள் இருக்கும்போது குசினிக்குப் பின்னால் கோடியில் மீன் வெட்டிய கழிவு கிடந்தது. ஒரு கை நிறையச் செவுளும் குடலும் எடுத்து, வாழை இலையில் சுற்றி, அவளுடைய றங்குப்பெட்டியில் அந்தச் சட்டைக்குக் கீழே வைத்தேன். வெயில் காலம். விழா அன்று காலையில் பெட்டியைத் திறந்தவள் போட்ட சத்தம் பெரிய பெண்களின் கட்டடம்வரை கேட்டது.

யார் செய்தது என்று விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. மேற்றன் கோடு போடும் அடிமட்டத்தால் என் இரண்டு உள்ளங்கையிலும் அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் நான் மொனிற்றரைப் பார்த்தேன். அவள் பழைய சட்டையோடு மேடையேறி, அழுது வீங்கிய முகத்தோடு பரிசு வாங்கினாள். அவளுக்கு அப்போது பத்து வயது. மேற்றனுக்குப் பயந்துதான் பொய் சொன்னாள் என்று இன்றைக்கு எனக்குத் தெரியும். ஒரு பிள்ளையின் தாய் இருந்து தைத்த பூக்களை நாசமாக்கியதற்காக வெட்கப்படுகிறேனா என்றால், அந்தத் தாயை நினைத்து வெட்கப்படுகிறேன். மொனிற்றரை நினைத்து இன்னும் முழுதாக வெட்கம் வரவில்லை.

ஒன்று மட்டும் நடந்தது. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு போடிங்கில் சூரை வாங்கவேயில்லை. யார் நிறுத்தியது, எப்போது நிறுத்தியது என்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொன்னது சரி என்றும் யாரும் சொல்லவில்லை.

நான் சின்னப்பிரிவை விட்டுப் போகும் வருடம் மேற்றன் ஓய்வு பெற்றாள். பிரியாவிடைக்கு நன்றியுரை வாசிக்க என்னைத் தெரிந்தெடுத்தார்கள். வாசிப்பில் அப்போது நான்தான் முதல். எங்களுக்குத் தாயாக இருந்தீர்கள் என்று அதில் எழுதியிருந்தது. ஒரு சொல்லிலும் தடுக்காமல் வாசித்தேன். கை தட்டினார்கள். மேற்றன் எழும்பி வந்து என் தலையில் கையை வைத்தாள்.

"தலைமயிர் வடிவா வளர்ந்திட்டுது," என்றாள்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. கூட்டம் முடிந்ததும் கிணற்றடிக்குப் போய்த் தலையைக் கழுவினேன்.

படித்தேன். அம்மா நினைத்தபடி எல்லாம் நடந்தது. ஆசிரியையாக நியமனம் கிடைத்த அன்று அம்மா எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாக நடந்து, போடிங்கிலை விட்டுப் படிப்பிச்சனான் என்று சொல்லிவிட்டு வந்தார். கலியாணம் செய்து உடுப்பிட்டியில் குடியிருந்தேன். மகளுக்கு எட்டு வயது நடந்தபோது ஒருநாள் அம்மா வந்திருந்தார். மகள் கொப்பியைத் திறந்து வைத்துவிட்டு வாசலில் விளையாடிக்கொண்டிருந்தாள். இவளையும் போடிங்கில் விட்டால் என்ன, அதே இடத்தில் இப்போது நல்ல ஆட்கள் இருக்கிறார்களாம் என்றார் அம்மா.

நான் அரிசி அரித்துக்கொண்டிருந்தேன். அரிக்கன்சட்டியை வைத்துவிட்டு எழும்பினேன். இருபத்து நான்கு வருடமாக வாய்க்குள் வைத்திருந்ததெல்லாம் வெளியே வந்தது. யன்னலுக்குக் கீழே இருந்து கேட்டதைச் சொல்லுக்குச் சொல், அவருடைய அந்தப் பணிந்த குரலிலேயே சொல்லிக் காட்டினேன். ஓம் அம்மா, சரிதான் அம்மா. என் கணவர் வெளியே போய்விட்டார்.

அம்மா கதிரையில் நிமிர்ந்து இருந்து முழுவதையும் கேட்டார்.

"உனக்குக் கேட்டது அவ்வளவுதான். அந்தத் தவணையோடை உன்னை நிப்பாட்டப்போறன் எண்டு அவள் கடதாசி எழுதி வைச்சிருந்தவள். நான் அவளின்ரை காலைப் பிடிச்சனான். ஒருதரிட்டையும் நான் அப்பிடிக் குனிஞ்சதில்லை."

"நான் பிடிக்கச் சொல்லேல்லை," என்றேன்.

"நீ சொல்லேல்லைத்தான்."

மகள் உள்ளே ஓடி வந்து எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள். காலைப் பிடித்ததை அறிந்து எனக்கு மனம் இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. அந்த யன்னலுக்குக் கீழே குந்தியிருந்த பிள்ளைக்கு அது ஒரு உதவியும் செய்யவில்லை என்றுதான் பட்டது. அதை அம்மாவிடம் சொல்லியும் விட்டேன். அம்மா தன் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தார். சாப்பிட்டுவிட்டுப் போங்கோ என்று நான் சொல்லவில்லை.

ஒன்றரை மாதம் அவர் எங்கள் வீட்டுப்பக்கம் வரவில்லை. தீபாவளிக்கு முதல்நாள் வந்தார், மகளுக்கு ஒரு பாவாடைத் துணியோடு. நான் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். அந்தக் கதையை இருவரும் எடுக்கவில்லை, அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. மகள் எங்களோடு இருந்துகொண்டு பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தாள்.